மடிப்பு பின்னால் வரணும்

செபஸ்தியம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிப் போவதும் பூனையைக் குளிப்பாட்டுவதும் ஒன்றுதான். "காசு குடுத்து இருட்டுல உக்காந்து, எவனோ எவனையோ அடிக்கிறத பாக்கவா? அத நம்ம லயத்து வரிசை வீடுகள்லயே பாக்கலாமே" என்பாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மகள் நிஷாலினி விடவில்லை. பதுளை டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிற பிள்ளை அவள். இரண்டு மாதமாகத் தாய் தையல் மெஷினை விட்டு எழும்பாமல் கிடந்ததைப் பார்த்துப் பார்த்து, பார்த்தவளுக்கே முதுகு வலித்துப் போயிற்று.

"வெள்ளிக்கிழமையே எல்லாத்தையும் தச்சுக் குடுத்தாச்சுல்ல? இன்னும் என்ன? வாம்மா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டாள்.

என்ன தைத்துக் கொடுத்தாள் என்று சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் இருக்கிறது அவர்களுடைய தேயிலைத் தோட்டம். அங்கே இருக்கிற பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒரு பேண்ட் வாத்தியக் குழு தொடங்கினார்கள். வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர் ஒருவர் டிரம்மும் வாயால் ஊதி வாசிக்கிற மெலோடிகாவும் வாங்கி அனுப்பியிருந்தார். இருபத்திரண்டு பெண் பிள்ளைகள். அடுத்து வருகிற சனிக்கிழமை பதுளை மைதானத்தில் பதினொரு பள்ளிக்கூடங்களுக்கு நடுவில் போட்டி. டவுன் பிள்ளைகள் உடுத்திக்கொண்டு மிடுக்காகப் போவார்களே, கட்டம் போட்ட பாவாடை, கில்ட் என்பார்கள், அதே மாதிரி இருபத்திரண்டு வேண்டும்.

பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "இதெல்லாம் டவுன் டெய்லர்கிட்ட குடுக்குற வேல. கொழுந்து எடுத்த கைக்கு இது வருமா?" என்று கேட்டார். பேண்ட் பழக்குகிற துஷாந்தினி டீச்சருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "உங்க மகன் போட்டிருக்குற சட்டை யாரு தச்சது? கிழிஞ்சுச்சா, பிஞ்சுச்சா? நம்ம தோட்டத்துலயே ஆள வச்சுக்கிட்டு எதுக்கு வெளிய ஓடணும்?" என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து செபஸ்தியம்மாவுக்கு டீச்சர் என்றால் தனி மரியாதை. தனக்காக நாலு பேர் முன்னால் வாயைத் திறந்த ஆள் என்று அவளுக்கு வேறு யாரும் இல்லை.

கொழுந்து எடுத்த கை என்று அந்த ஆள் சொன்னது பொய்யும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் கொழும்புப் பக்கம் ஒரு கார்மெண்ட் பேக்டரியில் இரண்டு வருஷம் இருந்தாள். இரண்டு வருஷமும் சட்டைக் காலர் மட்டும்தான். முழுச் சட்டையைக் கண்ணால் கண்டதில்லை என்று சொல்லிச் சிரிப்பாள். அப்புறம் கபிரியேலைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்து பதினேழு வருஷம் கொழுந்து எடுத்தாள். ஒரு மழை நாளில் மலையில் வழுக்கி முழங்கால் போனது. கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பழைய கால் மெஷினில் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழும்பவில்லை. ஜாக்கெட், யூனிபோர்ம், கோயில் பீடத்து விரிப்பு, எல்லாம் அவள் கைதான். அரை விரல் பிசகினாலும் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கிற சாதி. யாராவது "பரவாயில்லக்கா, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டால் போச்சு. "பரவாயில்லன்னா என்னா? நல்லா இல்லன்னுதானே அர்த்தம்? கழட்டிக் குடு" என்று பிடுங்கிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளுக்கு மாதிரி என்று கொடுத்தது பேப்பரில் வந்த ஒரே ஒரு படம். அதுவும் முன்னாலிருந்து எடுத்தது. பிள்ளைகள் எல்லாருடைய வயிற்றுக்கு முன்னாலும் ஒரு டிரம். பாவாடை தெரிந்தது இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம். மடிப்பு மடிப்பாக இருக்கிறது என்பது தெரிந்தது. மற்றதெல்லாம் டிரம்முக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

மீதியை செபஸ்தியம்மா யோசித்துக் கண்டுபிடித்தாள். அங்கேதான் கோளாறு. முதுகில் கூடையைப் போட்டுக்கொண்டு பதினேழு வருஷம் மலை ஏறியவளுக்கு இடுப்புக்குப் பின்னால் எதுவும் சுருங்கி நிற்கக் கூடாது. நின்றால் கூடை அதன்மேல் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்க்கும், துணி நைந்துவிடும், தோலும் உரியும். அதனால் சீலை நனையாமல் மேலே சுற்றுகிற படங்குச் சாக்கைக்கூடப் பின்னால் தட்டையாக இழுத்துவிட்டு, மிச்சத்தை எல்லாம் முன்னால் தள்ளித்தான் கட்டுவார்கள். பின்னால் தட்டை, முன்னால் மடிப்பு. உலகத்தில் இதைவிட நியாயமான விஷயம் உண்டா? போதாததற்கு முன்னால் டிரம் வேறு தொங்குகிறது. நடக்கும்போது தொடையில் இடிக்கும். மடிப்பு அங்கே இருந்தால் மெத்தை மாதிரித் தாங்கும். ஆகா, வெள்ளைக்காரன் என்னமாய் யோசித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்பக்கத்துக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக அளவெடுத்து, துணியைக் கிள்ளி டாட் பிடித்து, உடம்போடு பொருந்துகிற மாதிரி தட்டையாகத் தைத்தாள். முன்பக்கத்துக்கு மடிப்பு. ஒரு மடிப்பின் கட்டமும் அடுத்த மடிப்பின் கட்டமும் கோடு பிசகாமல் சேர்ந்து வந்தது. முதல் பாவாடையைக் கொண்டுபோய்க் காட்டினபோது துஷாந்தினி டீச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "கட்டமெல்லாம் அப்படியே சேர்ந்து வந்திருக்கேக்கா!" என்றாள். செபஸ்தியம்மா வீடு வருகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

சரி, இப்போது தியேட்டருக்கு வருவோம். வானத்தில் பறந்து வந்து உலகத்தைக் காப்பாற்றுகிற ஆளின் படம். தமிழில் பேச வைத்திருந்தார்கள். கட்டடம் இடிந்தது, கார் பறந்தது, கண்ணாடி கண்ணாடியாகக் கொட்டியது. "இவ்வளவையும் யாரு கூட்டுறது?" என்று செபஸ்தியம்மா கேட்டாள். நிஷாலினி "ஷ்ஷ்" என்றாள். அந்த ஆளின் உடம்போடு ஒட்டின உடுப்புக்குத் தையல் எந்தப் பக்கம் வருகிறது என்று கொஞ்ச நேரம் தேடினாள். கிடைக்கவில்லை. ஒரு கொட்டாவி விட்டாள்.

பாதிக்கு மேலே அந்த ஆள் செத்துப்போனான். ஊரே திரண்டு சவ ஊர்வலம். தெருவின் கோடியிலிருந்து ஒரு பேண்ட் வந்தது. கக்கத்தில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு, அதில் செருகியிருந்த குழலை ஊதிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் வாட்டசாட்டமான ஆம்பிளைகள். எல்லாரும் பாவாடை கட்டியிருந்தார்கள்.

"அடியே! நம்ம பாவாடை!"

முன் வரிசையில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். செபஸ்தியம்மா கவனிக்கவில்லை. சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள். அதே சிவப்பு, அதே பச்சை, அதே கட்டம். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. எங்கேயோ ஒரு சீமையில் இருக்கிற மனுஷரும் தானும் ஒரே துணியைத் தொட்டிருக்கிறோம் என்று நினைத்தாள். அப்புறம்தான் பார்த்தாள். முன்பக்கம் மொட்டை. ஒரு மடிப்புக்கூட இல்லை, சுவர் மாதிரி இருந்தது. ஆம்பிளைகளுக்கு அப்படித்தான் போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சவப்பெட்டி போனது. பேண்ட் திரும்பிப் போனது. போகிறவர்களின் முதுகுப் பக்கத்தைப் படம் எடுத்தவன் சாவகாசமாகக் காட்டினான். ஒவ்வொரு எட்டுக்கும் பின்னால் மடிப்புகள் விரிந்து விரிந்து மூடின. வரிசை வரிசையாக, எல்லாருக்கும் பின்னால்.

செபஸ்தியம்மாவின் கண் நிறைந்துவிட்டது. நிஷாலினியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தாயின் கன்னத்தில் ஈரத்தைப் பார்த்ததும் தோளில் கை போட்டாள்.

"அழாதம்மா. அவன் சாகமாட்டான். அடுத்த பார்ட் வருது."

"அவனுக்கு யாருடி அழுதா?" என்றாள் செபஸ்தியம்மா.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நிஷாலினியின் போனை நோண்ட வைத்தாள். பொம்பளைகள் உடுத்தினதைக் காட்டு என்றாள். சின்னப் பிள்ளைகளைக் காட்டு என்றாள். பதுளைப் பெரிய பள்ளிக்கூடங்களின் பேண்டைத் தேடு என்றாள். எத்தனை வீடியோ பார்த்தாலும் முன்னால் தட்டை, பின்னால் மடிப்பு. நிஷாலினிக்கு மெல்ல மெல்ல விளங்கியது. சிரிப்பு வந்தது, தாயின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"திருப்பிப் போட்டுக்கிட்டா போச்சு. முன்னால இருக்குறத பின்னால."

"எப்படிடி போடுறது? பின்னாலதான் டாட் பிடிச்சு உக்கார்ற எடத்துக்கு எடம் விட்டிருக்கேன்ல. அத முன்னால திருப்பினா அஞ்சு மாச வயித்த தள்ளிக்கிட்டு நிக்குற மாதிரி இருக்கும்."

நிஷாலினி போனைப் பைக்குள் போட்டாள். அப்புறம் தணிந்த குரலில் சொன்னாள். "அப்ப பேசாம இரும்மா. நம்ம தோட்டத்துல யாருக்குத் தெரியும்? நீயா போய்ச் சொன்னா, அன்னிக்குக் கூட்டத்துல கேட்ட ஆளு நாளைக்கு என்னா சொல்லுவாரு? உன்ன விடு, உனக்காகப் பேசுன டீச்சர் எங்க மூஞ்சிய வச்சுக்குவாங்க?"

அதுதான் செபஸ்தியம்மாவுக்கும் பயம். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அதையே உருட்டினாள். சொன்னால் தன் பேரும் போகும், டீச்சர் பேரும் போகும். சொல்லாவிட்டால் சனிக்கிழமை பத்துப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருபத்திரண்டு பிள்ளைகளும் பாவாடையை மாற்றிப் போட்ட மாதிரி நடந்து போகும். டவுன் பிள்ளைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு சிரிக்கும். ஆனால் முன்னால் டிரம் மறைக்குமே? தூரத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? தோட்டத்துப் பிள்ளைகள்தானே, யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்? இப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசானது. வாயைத் திறப்பதில்லை என்று முடிவே பண்ணிவிட்டாள். உள்ளதைச் சொல்லவேண்டுமல்லவா, ஒரு மணி நேரம் அவள் அந்த முடிவோடுதான் இருந்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறுகிற பாதையில் இரண்டு பிள்ளைகள் பேண்ட் நடை பழகிக்கொண்டிருந்தார்கள். டிரம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அதனால் தொடையில் தட்டித் தட்டித் தாளம் போட்டுக்கொண்டார்கள். தண்ணீர்ப் பீலி வரைக்கும் போய், பட்டாளத்துக்காரர் மாதிரி டக்கென்று திரும்பி, மறுபடி வந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. ஒரு கால் பிசகிவிட்டதென்று ஒருத்தி மற்றவளைத் திட்டிவிட்டு, "திரும்ப மொதல்ல இருந்து" என்று பழைய இடத்துக்கே கூட்டிப் போனாள். செபஸ்தியம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு அவர்களைக் கடந்து வீட்டுக்குள் போனாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மைதானத்துக்குப் போனாள். பிள்ளைகள் புதுப் பாவாடையோடு அணிவகுத்து நின்றார்கள். துஷாந்தினி டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டு, தியேட்டரில் கண்டது முதல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "என் புத்திய செருப்பால அடிக்கணும் டீச்சர். மடிப்பு பின்னால வரணும். நான் முன்னால வச்சிட்டேன்."

டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தெரியும்க்கா."

"என்னா தெரியும்?"

"மொதப் பாவாடைய கொண்டு வந்தீங்களே, அப்பவே தெரியும். நானும் ஸ்கூல் காலத்துல மூணு வருஷம் இதே உடுத்தி பேண்ட்ல போனவ."

செபஸ்தியம்மா ஒரு எட்டு முன்னால் வந்தாள். "அப்ப ஏன் சொல்லல?"

"அவ்வளவு ஆசையா தச்சிருந்தீங்க. கட்டம் எல்லாம் அவ்வளவு அழகா சேர்ந்திருந்துச்சு. மனசு வரல." டீச்சர் கையிலிருந்த விசிலை உருட்டினாள். "அதோட, யாருக்கா நம்ம புள்ளைங்கள பாக்கப் போறாங்க? பெரிய ஸ்கூல் எல்லாம் வரும். நாம கடைசியிலதான் வருவோம். போனோம், வந்தோம்னு ஆனா போதும். தோட்டத்து ஸ்கூலுக்கு இதுவே பெரிசுன்னு விட்டுட்டேன்."

இதே டீச்சர்தான் கூட்டத்தில் எழும்பிப் பேசினவள். செபஸ்தியம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறினது. எதைக் கொடுத்தாலும் தோட்டத்துக்கு இதுவே பெரிசு என்று கொடுக்கிறவர்களை அவள் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறாள். அதைச் சொல்கிறவர்கள் யாரோ ஒருவர் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். நமக்காகப் பேசுகிற வாயிலிருந்தே வந்தால் எங்கே போவது? நல்லாக் கேட்டுவிட வாயைத் திறந்தாள். ஆனால் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த செபஸ்தியம்மா அவளுக்கு ஞாபகம் வந்தாள்.

"நானும் நேத்து அப்படித்தான் நினைச்சேன் டீச்சர்" என்றாள். "தோட்டத்துப் புள்ளைங்கதானேன்னு. நானே நினைச்சேன். என் வயித்துல பொறந்ததும் இந்தத் தோட்டத்துப் புள்ளதான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டீச்சரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மெலோடிகாக்காரி ஒருத்தி எங்கள் பாட்டு பிழையா டீச்சர் என்று தூரத்திலிருந்து கேட்டாள்.

"பாட்டு பிழையில்ல" என்று செபஸ்தியம்மாவே சத்தமாகச் சொன்னாள். "போய் எல்லாரும் யூனிபோர்ம மாத்திக்கிட்டு பாவாடைய கொண்டாங்க. தச்சவ நான்தான், தப்பாத் தச்சிட்டேன். வெள்ளிக்கிழமை சரியா வரும்."

கூட்டத்தில் பேசின அந்த ஆளுக்கு அன்று பொழுது சாய்வதற்குள் சேதி போய்விட்டது. சொல்லவேண்டியதைச் சொன்னாராம். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டாள் செபஸ்தியம்மா. நிஷாலினிதான் அவரை இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தாள்.

இரண்டு சாக்கில் இருபத்திரண்டு பாவாடை லயத்துக்கு வந்தது. தைப்பதைவிடப் பிரிப்பது பெரிய பாடு. இடுப்புப்பட்டியைப் பிரித்து, டாட்டைப் பிரித்து, மடிப்பைக் கலைத்துப் பின்னால் தள்ளி, தட்டைத் துணியை முன்னுக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் இழுத்துக் கட்டுகிற வாரை இடம் மாற்றவேண்டும். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் துஷாந்தினி டீச்சர் வாசலில் வந்து நின்றாள். செபஸ்தியம்மா ஒரு பிளேடைப் பாதியாக உடைத்து, ஒரு துண்டை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள். டீச்சர் உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினாள். முதல் பாவாடையில் துணியையே கீறிவிட்டாள். "பாத்து, பாத்து! நூல மட்டும்!" என்று செபஸ்தியம்மா போட்ட சத்தத்தில் கபிரியேல் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சரின் விரல் பத்தும் சிவந்திருந்தது. இருபத்திரண்டும் முடிந்தது.

சனிக்கிழமை மைதானத்தில் செபஸ்தியம்மா பிள்ளைகள் நடந்து வருகிற பக்கம் நிற்கவில்லை. நடந்து போகிற பக்கம் நின்றாள். நம் பிள்ளைகள் எட்டாவது அணியாக நடந்து வந்தார்கள். அவளைத் தாண்டிப் போனார்கள். இருபத்திரண்டு பாவாடையும் ஒரே நேரத்தில் விரிந்தது, ஒரே நேரத்தில் மூடினது. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் ஆகா ஓகோ என்றும் சொல்லவில்லை.

முடிவு சொன்னபோது பதினொன்றில் ஒன்பதாவது இடம். பிள்ளைகள் ஒன்பதுக்கே துள்ளிக் குதித்தார்கள். பஸ்ஸில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செபஸ்தியம்மா டீச்சரைத் தேடினாள். காணோம். பார்த்தால் நடுவர்கள் மேசைக்கு முன்னால் நிற்கிறாள், கையில் புள்ளித் தாள். கண்ணாடி போட்ட ஒரு நடுவரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். செபஸ்தியம்மா பக்கத்தில் போனாள்.

"உடைக்குப் பத்துக்கு ஆறரை போட்டிருக்கீங்க சார். ஏன்னு கேக்குறேன்."

நடுவர் நல்ல மனுஷர்தான். சிரித்த முகமாகவே சொன்னார். "மிஸ், மனச விடாதீங்க. ஒரு தோட்டப் பாடசாலைக்கு இது ரொம்ப நல்ல புள்ளி."

செபஸ்தியம்மா டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். காது மடல் சிவந்து போயிருந்தது.

"தோட்டப் பாடசாலைக்குன்னு வேற பத்து இருக்கா சார்?" என்றாள் டீச்சர். சத்தம் போடவில்லை. "எங்க குறைஞ்சதுன்னு மட்டும் சொல்லுங்க. மூணரையும் எங்க போச்சுன்னு ஒன்னொன்னா சொல்லுங்க. அடுத்த வருஷம் சரி பண்ணிக்கிட்டு வர்றோம்."

நடுவர் சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு தாளை வாங்கினார். காலில் போட்ட சப்பாத்து ஏழெட்டு விதம் என்றார். சப்பாத்துக்கு மேலே தெரிகிற மேசு ஒன்றும் ஒரே உயரத்தில் இல்லை என்றார். டீச்சர் கொப்பியைத் திறந்து எழுதினாள். அந்தப் பக்கம் பஸ்காரர் ஹோன் அடித்தார், பிள்ளைகள் ஜன்னலால் கையை நீட்டி நீட்டிக் கூப்பிட்டார்கள்.

"இருங்கடி, வர்றோம்!" என்று செபஸ்தியம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். பிறகு நடுவர் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "பாவாடையில ஏதாச்சும் இருக்கா சார்? இருந்தா மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டாள்.